வாட்சன் கையில் எந்த ரிவால்வர்? பீரியட் துப்பறியும் படங்களில் துப்பாக்கியை அடையாளம் காணும் வழி

கதை நடப்பது 1888-ல், லண்டனில். பனிமூட்டம், குதிரை வண்டி, கேஸ் விளக்கு எல்லாம் கச்சிதமாக இருக்கின்றன. துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸின் நண்பரான டாக்டர் வாட்சன் ஓவர்கோட் பையிலிருந்து ரிவால்வரை உருவுகிறார். நீளமான பேரல், அடியில் சதுரமாக விரியும் கைப்பிடி. அந்த இடத்தில் படம் 27 ஆண்டுகள் முன்னால் ஓடிவிடுகிறது. அவர் கையில் இருப்பது பிரிட்டனின் வெப்லி கம்பெனி செய்த மார்க் 6 ரிவால்வர். பிரிட்டிஷ் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது 1915-ல், முதல் உலகப் போரின் நடுவே.

இதைப் பிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கைப்பிடியின் அடியைப் பார்க்கப் பழகினால் போதும். 1887-ல் வந்த மார்க் 1 தொடங்கி மார்க் 5 வரை, வெப்லியின் ராணுவ ரிவால்வர்களில் கைப்பிடி கிளிமூக்கு மாங்காயின் நுனி போல வளைந்து முடியும். பேரல் பொதுவாக நான்கு அங்குலம். மார்க் 6-ல் பேரல் ஆறு அங்குலம். கைப்பிடியின் அடி அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டியது போலத் தட்டை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே விக்டோரியா காலத்துக் கதைகள் பலவற்றில் சரி எது, தப்பு எது என்று சொல்லிவிடலாம்.

துப்பறியும் கதையில் துப்பாக்கியும் ஒரு தடயம். அது என்ன அளவு, எத்தனை தோட்டா பிடிக்கும், யார் வாங்கியிருக்க முடியும் என்பதில்தான் பல கதைகளின் முடிச்சே இருக்கிறது. தொப்பி தப்பானால் அலங்காரம் தப்பு, அவ்வளவுதான். துப்பாக்கி தப்பானால் கதையின் சாட்சியே தப்பாகிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். விக்டோரியா காலத்திலிருந்து 1940கள் வரையிலான லண்டன், அமெரிக்கக் கதைகளை வைத்தே இங்கே சொல்கிறேன். இந்த வகைப் படங்களில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

முதல் படி: ஆண்டும் ஊரும்

படம் ஓடத் தொடங்கியதும் ஒரு தாளில் கதை நடக்கும் ஆண்டையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். திரையில் எழுத்தாகக் காட்டாவிட்டால் செய்தித்தாள், கார், நாள்காட்டி, சுவரில் தொங்கும் அரசர் படம் இவற்றிலிருந்து தோராயமாகக் குறிக்கலாம். பத்து ஆண்டு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

கூடவே ஒரு விதியையும் எழுதிவையுங்கள். பழைய துப்பாக்கி புதிய காலத்தில் இருக்கலாம். புதிய துப்பாக்கி பழைய காலத்தில் இருக்க முடியாது. துப்பாக்கி பித்தளை அண்டா மாதிரி, தாத்தா வாங்கியது பேரன் காலத்திலும் வேலை செய்யும். 1935-ல் நடக்கும் கதையில் 1870களின் ரிவால்வர் வந்தால் அதைப் பிழை என்று குறிக்காதீர்கள். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இரண்டாம் படி: அது எங்கே திறக்கிறது?

ரிவால்வர் என்றால் குண்டு போடும் சிலிண்டர் சுழலும் துப்பாக்கி. பிஸ்டல் என்று நாம் பொதுவாகச் சொல்வது, கைப்பிடிக்குள் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியைச் செருகி, மேலே உள்ள ஸ்லைடு முன்பின் ஓடும் வகை. இந்தப் பிரிவு எல்லோருக்கும் கண்ணில் படும். அடுத்த கேள்விதான் முக்கியம். ரிவால்வரில் தோட்டாவை எப்படிப் போடுகிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, துப்பாக்கியின் உடலான உலோகச் சட்டம் முழுத் துண்டாக இருக்கும். சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு சிறு கதவு திறக்கும், அதன் வழியே ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் குத்தி வெளியே தள்ள வேண்டும். இரண்டு, துப்பாக்கியே நடுவில் மடங்கும். பேரல் கீழே சாயும், காலித் தோட்டாக்கள் எல்லாம் ஒரே தள்ளலில் வெளியே வரும். மூன்று, சிலிண்டர் மட்டும் இடப்பக்கம் கதவு போல வெளியே வரும்.

லண்டன் கதைக்கு முதல் இரண்டும் பொருந்தும். வாட்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்படி அவர் ராணுவ மருத்துவர், 1880 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் மைவந்த் போரில் காயம்பட்டவர். அன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் ரிவால்வர் ஆடம்ஸ். அதன் மார்க் 3 வடிவம் 1872-லிருந்து வழக்கில் இருந்தது. முழுச் சட்டம், வலப்பக்கக் கதவு, சிலிண்டரில் தோட்டா போட ஆறு அறைகள். அதிகாரிகள் சொந்தக் காசில் கைத்துப்பாக்கி வாங்குவதும் வழக்கம் என்பதால் வெப்லி ஆர்ஐசி போன்ற வேறு முழுச்சட்ட ரிவால்வர் இருந்தாலும் ஏற்கலாம். ஆர்ஐசி என்பது ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்ற அயர்லாந்துக் காவல்படையின் சுருக்கம். அவர்களுக்காக 1860களின் இறுதியில் வந்தது. ஆக, வாட்சன் தன் பழைய சர்வீஸ் ரிவால்வர் என்று சொல்லி எடுப்பது நடுவில் மடங்கினால் சந்தேகப்படுங்கள். மடங்கி, கைப்பிடியும் சதுரமாக இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வெப்லி-கிரீன் என்று 1880களிலிருந்தே தனியாருக்கு விற்கப்பட்ட நல்ல ரிவால்வர் ஒன்று உண்டு. நடுவில் மடங்கும், ஆறு அங்குல பேரலும் உண்டு, சதுரக் கைப்பிடியோடும் வந்தது. அதை மார்க் 6-லிருந்து பிரிக்க சிலிண்டரின் வெளிப்பள்ளங்களைப் பாருங்கள். வெப்லி-கிரீனில் அவை சர்ச் கோபுரம் போலக் கூராகக் கூம்பி முடியும். மார்க் 6-ல் நுனி உருண்டை.

பழைய கதை ஒன்றில் ஹோம்ஸ் ஈலி நம்பர் 2-ஐ எடுத்துக்கொள்ளும்படி வாட்சனிடம் சொல்வார். ஈலி என்பது லண்டனில் தோட்டா செய்த கம்பெனி, அது ரிவால்வர் செய்ததில்லை. ஒரு படத்தில் ரிவால்வரின் மேல் ஈலி என்று எழுதியிருந்தால் அது கதையை மட்டும் படித்து யாரோ செய்த வேலை. தோட்டாப் பெட்டியில் ஈலி என்று இருந்தால் அந்தக் கலை இயக்குநர் தேடிப் படித்திருக்கிறார்.

மூன்றாவது வகை, பக்கவாட்டில் சிலிண்டர் வருவது, அமெரிக்கக் கதைகளின் அடையாளம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மிலிட்டரி அண்ட் போலீஸ் 1899-ல் வந்தது. கோல்ட் கம்பெனியின் போலீஸ் பாசிட்டிவ் 1907-ல். இந்த இரண்டு கம்பெனிகளையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். பேரலுக்கு அடியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பி. அந்தக் கம்பியின் முன்நுனியைப் பிடித்துக்கொள்ள பேரலின் அடியில் ஒரு சிறு கட்டை இருந்தால் ஸ்மித். கம்பி அந்தரத்தில் முடிந்தால் பழைய கோல்ட். சிலிண்டர் சுழலும் காட்சி குளோஸப்பில் கிடைத்தால் இன்னும் உறுதி: பின்னாலிருந்து பார்க்கும்போது கோல்ட் கடிகாரச் சுற்றில் போகும், ஸ்மித் எதிர்ச்சுற்றில்.

துப்பறிவாளரின் கோட் பைக்கென்றே வந்தது கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல், 1927-ல், இரண்டு அங்குல பேரலோடு. இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. 1973-லிருந்து வந்த டிடெக்டிவ் ஸ்பெஷலில் அந்தத் தள்ளுகம்பிக்குக் கீழே உலோக உறை சேர்த்துவிட்டார்கள். 1946-ல் நடக்கும் கதையில் உறை மூடிய கம்பி தெரிந்தால், துப்பாக்கி 1970களின் கடையிலிருந்து வந்திருக்கிறது. பெயர் சரி, பிறந்த தேதி தப்பு.

மூன்றாம் படி: அறைகளை எண்ணுங்கள்

ரிவால்வரை முன்னாலிருந்து காட்டும் ஷாட்டில் படத்தை நிறுத்தி, சிலிண்டரில் எத்தனை துளை என்று எண்ணுங்கள். ஐந்தா, ஆறா, ஏழா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1872-ல் வந்த வெப்லி புல்டாக், கோட் பையில் அடங்கும் குட்டைத் துப்பாக்கி, ஐந்து அறை. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் அதைப் பார்த்துச் செய்த நகல்கள் ஏராளம். ரஷ்யாவின் நாகன் 1895-க்கு ஏழு. ராணுவ வெப்லிகள் எல்லாம் ஆறு. 1950-ல் வந்த ஸ்மித்தின் சீஃப்ஸ் ஸ்பெஷலுக்கு ஐந்து, டிடெக்டிவ் ஸ்பெஷலுக்கு ஆறு. 1940களின் கதையில் குட்டை அமெரிக்க ரிவால்வரில் ஐந்து துளை தெரிந்தால் பெரும்பாலும் பின்னால் வந்த துப்பாக்கி.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1941-ல் வந்த மால்டீஸ் ஃபால்கன் படம். சான்பிரான்சிஸ்கோவில் துப்பறிவாளர் ஸ்பேடின் கூட்டாளி சுடப்படுகிறார். சுட்ட ஆயுதத்தைப் பார்த்ததும் ஸ்பேட் அடையாளம் சொல்கிறார்: வெப்லி-ஃபாஸ்பரி, 45 அளவு, எட்டுத் தோட்டா.

வெப்லி-ஃபாஸ்பரி ஒரு விசித்திரமான கருவி. ரிவால்வர்தான், ஆனால் சுட்ட உதைப்பில் பேரலும் சிலிண்டரும் சேர்ந்து சட்டத்தின் மேல் பின்னால் சறுக்கும். சட்டத்தில் ஒரு முளை இருக்கிறது. சிலிண்டரின் மேலே கோலத்துச் சிக்குக் கோடு போல வளைந்து வளைந்து வெட்டிய பள்ளத்தில் அந்த முளை ஓடி, சிலிண்டரை அடுத்த அறைக்குத் திருப்பிவிடும். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஹேமரும் தானே பின்னுக்கு ஏறி நிற்கும். இதை யோசித்த ஜார்ஜ் ஃபாஸ்பரி இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1863-ல் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வாங்கிய ராணுவ அதிகாரி. துப்பாக்கி கடைக்கு வந்தது 1901-ல். அந்த வளைவுப் பள்ளத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

அளவு என்பது தோட்டாவின் குறுக்களவு, அங்குலத்தில். இது இரண்டு அளவுகளில் வந்தது. பெரிய .455 அளவில் ஆறு தோட்டா. சிறிய .38 அளவில் எட்டு. 1930-ல் வந்த மூல நாவலில் ஸ்பேட் 38 என்றும் எட்டு என்றும் சொல்வார், இரண்டும் ஒத்துப்போகும். படத்தில் அளவை மட்டும் 45 என்று மாற்றிவிட்டு எட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். சிறந்த துப்பறியும் படங்களில் ஒன்றில், துப்பாக்கி தெரிந்தவராகக் காட்டப்படும் ஒரு மனிதரின் வாயில், இருக்க முடியாத துப்பாக்கி. படத்தின் மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் வசனத்தையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இந்தக் காட்சியில்தான்.

நான்காம் படி: பிஸ்டல் வந்தால்

பிஸ்டலில் பார்க்க வேண்டியது மூன்று. ஹேமர் வெளியே தெரிகிறதா, பாதுகாப்புக் கொக்கி எங்கே இருக்கிறது, கைப்பிடி எந்தச் சாய்வில் இருக்கிறது.

ஜெர்மனியின் மவுசர் சி96, 1896-ல் வந்தது. துடைப்பக் கட்டை போல உருண்டைக் கைப்பிடி, டிரிகருக்கு முன்னால் தோட்டாப் பெட்டி. ஒருமுறை பார்த்தால் மறக்காது. லூகர் பி08-ல் மேலே முழங்கால் போல மடங்கும் மூட்டு. கோல்ட் 1903-லும், பெல்ஜியத்தில் எஃப்என் கம்பெனி செய்த பிரவுனிங் 1910-லும் ஹேமர் வெளியே தெரியாது, சோப்புக் கட்டி போல வழவழப்பாக இருக்கும்.

ஐரோப்பியச் சின்னப் பிஸ்டல் தேவை என்றால் படக்குழுக்களின் கை முதலில் போவது வால்தர் பிபிகேவுக்கு. அது 1931-ல் வந்தது; அதன் அண்ணன் பிபி 1929-ல். ஸ்லைடின் இடப்பக்கம் பின்னால் ஒரு சிறு கொக்கி, பின்னால் உருண்டை ஹேமர். இரண்டும் சேர்ந்து தெரிந்து, கதை 1920களில் நடந்தால், குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கதையில் கோல்ட் 1911 என்று காட்டுவது உண்மையில் ஸ்பெயினின் ஸ்டார் மாடல் பி-யாக இருக்கலாம். பல ஆண்டுகள் ஹாலிவுட்டில் இது வழக்கமாகவே இருந்தது. குண்டு இல்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள தோட்டாதான் பிளாங்க். 45 அளவு பிளாங்க் தோட்டாவில் கோல்ட் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஸ்டாரில் 9 மில்லிமீட்டர் பிளாங்க் ஒழுங்காக ஓடும். பிரிப்பது எப்படி என்றால், கைப்பிடியின் பின்புறம் உள்ளங்கை அழுத்தும் இடத்தில் கோல்டுக்கு ஒரு அசையும் பட்டை உண்டு, ஸ்டாருக்கு இல்லை. ஸ்டாரின் வலப்பக்கம் ஸ்லைடில் நீளமான கொக்கித் துண்டு ஒன்று தெரியும், கோல்டில் தெரியாது.

நிழல் உலகக் கதைகளில் வரும் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியை ஒரே பார்வையில் தேதியிடலாம். தோட்டா ஏற்ற இழுக்கும் குமிழ் மேலே இருந்தால் 1921 அல்லது 1928 மாடல். வலப்பக்கம் இருந்தால் 1942-க்குப் பின் ராணுவத்துக்கு எளிமையாகச் செய்த எம்1 வகை. அந்த எம்1-ல் வட்டமான டிரம் மேகசின் பொருந்தவே பொருந்தாது. 1929 சிகாகோ கதையில் வலப்பக்கக் குமிழ் வந்தால், பின்னணி இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தவறு.

ஐந்தாம் படி: யார் கையில்?

ஆண்டு பொருந்தினால் வேலை முடிந்துவிடவில்லை. எனக்கு இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. இந்த மனிதருக்கு இந்த ஊரில் இந்தத் துப்பாக்கி எப்படிக் கிடைத்திருக்கும் என்று கேளுங்கள்.

பிரிட்டனில் 1870 சட்டப்படி வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல பத்து ஷில்லிங் லைசன்ஸ் போதும்; வீட்டுக்குள் வைத்திருக்க அதுகூடத் தேவையில்லை. 1903-ல் பிஸ்டல் விற்பனைக்குச் சில கட்டுப்பாடுகள் வந்தன. காவல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற நிலை 1920 சட்டத்தோடுதான் வந்தது. ஆக 1892-ல் ஒரு வீட்டு ஆசிரியை மேசை டிராயரில் ரிவால்வர் வைத்திருப்பது சட்டப்படி சாதாரணம். 1935-ல் அதே காட்சியில் சான்றிதழ் பற்றி இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் போனால்தான் ஆச்சரியம். அதே 1935-ல் ஓய்வுபெற்ற மேஜரின் அலமாரியில் மார்க் 6 இருப்பது மிகப் பொருத்தம், போரில் கைப்பற்றிக் கொண்டுவந்த லூகர் இருப்பதும் பொருத்தம்.

லண்டன் காவலர் சாதாரணமாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. 1911 ஜனவரியில் லண்டன் சிட்னி தெரு முற்றுகையில், வீட்டுக்குள் ஒளிந்திருந்த கொள்ளையர்களிடம் மவுசர் இருந்தது, காவலர்களின் பழைய ரிவால்வர்கள் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. அந்த ஆண்டே காவல் துறை வெப்லி அண்ட் ஸ்காட்டின் .32 பிஸ்டலை எடுத்துக்கொண்டது. பேரலுக்கும் கைப்பிடிக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம், மூலைமட்டம் போல நிற்கும், ஹேமர் வெளியே தெரியும். 1912 முதல் 1930கள் வரையிலான ஸ்காட்லாந்து யார்டு கதையில் இந்த மூலைமட்டத்தைப் பார்த்தால் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். யாரோ ஒருவர் உட்கார்ந்து தேடியிருக்கிறார்.

நம் பக்கத்துக் கதைகளுக்கும் இதே கேள்விதான். பிரிட்டிஷ் ஆட்சிக்காலம் என்றாலே எல்லார் கையிலும் ரிவால்வர் என்று படங்கள் நினைத்துக்கொள்கின்றன. ஆனால் 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். 1914 ஆகஸ்ட் 26-ல் கல்கத்தாவில் துப்பாக்கி விற்ற ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து புரட்சியாளர்கள் 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கடத்தினார்கள். அதனால் 1915 கல்கத்தாவில் நடக்கும் துப்பறியும் கதையில் ஒரு வங்க இளைஞன் கையில் மவுசர் வந்தால் அது வரலாற்றோடு நூறு சதவீதம் பொருந்தும். 1913-ல் வந்தால், எப்படி வந்தது என்று படம் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: நிஜமா, டம்மியா?

ஒரே படத்தில் ஒரே துப்பாக்கிக்குப் பல உடன்பிறப்புகள் இருக்கும். குளோஸப்புக்கு நிஜத் துப்பாக்கி அல்லது பிளாங்க் சுடும்படி மாற்றியது. ஓடவும் விழவும் ரப்பரில் வார்த்தது. இடுப்பு உறையில் சும்மா தொங்க பிளாஸ்டிக் அல்லது துத்தநாகக் கலவையில் செய்த பொம்மை. காட்சிக்குக் காட்சி துப்பாக்கியின் சின்ன விவரங்கள் மாறுவது இதனால்தான், எனவே அடையாளத்தைக் குளோஸப்பில் இருந்து மட்டும் எடுங்கள்.

ரப்பர் துப்பாக்கியில் ஓரங்கள் மழுங்கியிருக்கும். ஹேமருக்கும் சட்டத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியாது. வார்ப்புப் பொம்மையில் பேரலின் மேலே நீளவாக்கில் ஒரு மெல்லிய தையல்கோடு ஓடும். திருகுகளைக் கட்டாயம் பாருங்கள். பழைய துப்பாக்கியில் திருகுத் தலையில் ஒற்றைக் கீறல்தான் இருக்கும். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் திருகு 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1890 ரிவால்வரின் கைப்பிடியில் கூட்டல் குறி தெரிந்தால் அது நகல், வேறு ஆதாரமே வேண்டாம்.

ரிவால்வரை நேராக நம்மை நோக்கி நீட்டும் காட்சியில், பேரலின் இருபுறமும் சிலிண்டர் துளைகளில் குண்டின் முனை தெரிய வேண்டும். வெறும் துளையாக இருந்தால் மிரட்டுபவரின் துப்பாக்கி காலி. நல்ல குழுக்கள் இதற்கென்று வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவைப் போடுவார்கள். பிஸ்டலின் வாய்க்குள் உற்றுப் பார்த்தால் சில நேரம் துளை பாதியாக அடைபட்டிருக்கும். பிளாங்கில் குண்டு இல்லாததால் ஸ்லைடைத் தள்ளப் போதுமான அழுத்தம் வராது, அதற்காகப் பேரலுக்குள் அடைப்பு வைக்கிறார்கள்.

2021-ல் அமெரிக்கப் படப்பிடிப்பு ஒன்றில் துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்து ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். அதற்குப் பிறகு பிளாங்க்கையே விட்டுவிட்டு நெருப்பைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் குழுக்கள் கூடியிருக்கின்றன. அது நல்லதே. அப்படிச் சேர்த்ததைக் கண்டுபிடிக்க சுடுபவரின் முகத்தையும் பின்சுவரையும் பாருங்கள். நிஜ நெருப்பு இரண்டின் மேலும் ஒரு கணம் வெளிச்சம் வீசும். ரிவால்வர் என்றால் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைப்பட்ட இடுக்கிலும் நெருப்பு தெரியும். இதைக் கிராபிக்ஸில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஏழாம் படி: புகை, சத்தம், ஆய்வுக்கூடம்

1890களுக்கு முன் கைத்துப்பாக்கியில் கருமருந்துதான். ஒரு சுடலுக்கே அறை வெண்புகையால் நிறையும், இரண்டாவது சுடலில் எதிரி தெரியவே மாட்டார். 1880களின் கதையில் புகையே இல்லாமல் ஆறு முறை சுட்டால் துப்பாக்கி சரியாக இருந்தும் காட்சி தப்பு. சைலன்ஸருக்கு ஹிராம் பெர்சி மாக்சிம் காப்புரிமை பெற்றது 1909-ல், அதற்கு வெகு முந்தைய கதையில் அது வந்தால் சந்தேகப்படுங்கள். சாதாரண ரிவால்வரில் எந்தக் காலத்திலும் அது சரியாக வேலை செய்யாது, மேலே சொன்ன இடுக்கு வழியே சத்தம் கசிந்துவிடும். விதிவிலக்கு ரஷ்ய நாகன்: சுடும்போது அதன் சிலிண்டர் முன்னால் நகர்ந்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

ஆய்வுக்கூடக் காட்சிக்கும் தேதி உண்டு. இரண்டு குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பார்வையில் ஒப்பிடும் மைக்ராஸ்கோப் 1925-ல் பிலிப் கிராவெல் அமைத்தது. 1927-ல் எசெக்ஸில் கான்ஸ்டபிள் கட்டரிட்ஜ் கொல்லப்பட்ட வழக்கில், காரில் கிடந்த காலித் தோட்டாவின் பின்புறத் தழும்பு ஒரு வெப்லி ரிவால்வரோடு பொருந்தியதுதான் பிரிட்டனில் இந்தத் துறையைப் பொதுமக்கள் அறியச் செய்தது. 1905-ல் நடக்கும் கதையில் துப்பறிவாளர் இரட்டை மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் அதையும் குறிப்பில் சேருங்கள்.

கடைசியாக, குறிப்பு எழுதுவது

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் படத்தின் நிமிடம், நொடி, யார் கையில், எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். கைப்பிடி மட்டும் தெரிந்தால் மாடல் பெயரை எழுதாதீர்கள். நடுவில் மடங்கும் பிரிட்டிஷ் ரிவால்வர், அவ்வளவுதான் தெரிகிறது என்று எழுதுவது முழுக்கச் சரியான பதில். இன்னொரு ஷாட்டில் இன்னொரு விவரம் கிடைக்கும்போது பெயர் தானாக வரும்.

பழகுவதற்கு மால்டீஸ் ஃபால்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி சுடப்படும் காட்சியிலும், தெருவில் துப்பாக்கியைக் கையில் வைத்து ஸ்பேட் பேசும் காட்சியிலும் படத்தை நிறுத்தி, சிலிண்டரின் மேல் அந்த வளைவுப் பள்ளம் தெரிகிறதா என்று முதலில் தேடுங்கள். அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.